மூன்றாவது தடவை கேட்கும் வரை

1

ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்தது கிரேஸைப் பற்றி. குளிரைச் சொல்லிவிடலாம். நாங்கள் இருப்பது கனடாவின் மேற்குக் கரை. இங்கே பனியைவிட மழைதான் அதிகம், மேல்சட்டை போட்டுக்கொண்டால் தீர்ந்தது. கிரேஸைப் பற்றிச் சொல்லத்தான் நேரம் பிடிக்கிறது. என் மகள், நாற்பது வயதைத் தாண்டியவள், பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குத் தாய், மறுபடியும் காலேஜில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னதும் செவிலிமேட்டில் இருக்கும் என் நாத்தனார் நேசம், "காலேஜா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"இன்னா படிப்பு அண்ணி?" என்றாள் பிறகு.

"டீச்சர் வேலைக்குப் படிக்கிறா. பெரிய பசங்க படிக்கிற ஸ்கூல்ல மரவேலை, இரும்பு வேலை, கரண்ட் வேலை எல்லாம் சொல்லிக் குடுக்கணும். டெக்னாலஜி டீச்சர்னு பேரு."

"நம்ம ஸ்கூல்ல கைத்தொழில் சார் இருந்தாரே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"ஏரோப்ளேன் ஏறிப் போயி, கைத்தொழில் சாரா?"

நேசம் சொன்னதில் தப்பில்லை. நான் காஞ்சிபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்தவள். அரிசி களைவது முதல் அண்டா கழுவுவது வரை என் பொறுப்பு. கைத்தொழில் சாரை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல மனிதர். கணக்கு வாத்தியார் வராவிட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வார். யாராவது அதிகாரி வந்தால் நாற்காலி தூக்குவார். முட்டை வண்டி வந்தால் இறக்கிவைக்க எங்களோடு நிற்பார். அவருடைய அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். கையால் செய்கிற வேலைக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அதனால் நேசத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவளைப் போலவே கூரத்திலிருந்து ஒரு போன், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு போன், எல்லாரும் ஒரே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாவது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மருமகன் ஸ்டீபன் எழுத்துப் பிழையைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தை மட்டும்தான் திருத்த விடுவேன், விஷயத்தைத் தொட விடமாட்டேன்.

2

கிரேஸ் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தாள். எங்கள் தெருவில் அந்தப் படிப்புப் படித்த முதல் பெண் அவள். முடித்ததும் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு போவாள்; சாயங்காலம் வரும்போது சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். என் சேலையில் புளியும் கரியும் வீசும், அவள் சட்டையில் மெஷின் எண்ணெய் வீசும். அதுவே ஒரு தலைமுறைத் தூரம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகு அவளுடைய டிப்ளமாவை இங்குள்ளவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது எங்கள் கணக்கில் எவ்வளவு என்று கேட்டார்கள். பாலிடெக்னிக்குக்குக் கடிதம் எழுதி, அங்கிருந்து முத்திரை வைத்த உறை வந்து, அந்த உறையை நாங்களே பிரித்துவிட்டோம் என்பதால் அது செல்லாது என்று சொல்லி, மறுபடியும் எழுதி, இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. கடைசியில் ஜன்னல் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பல வருடம் செய்தாள். போன வருடம் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

வேலை போனவர்கள் வேறு தொழில் படிக்க இங்கே அரசாங்கம் உதவி தருகிறது. இரண்டு வருடம். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு நாள் தரமாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கிரேஸ் எதைப் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் பேத்தி ஜாய் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நானும் போனேன். கட்டிடத்தின் கடைசியில் பெரிய கூடம். உள்ளே லேத், துளை போடும் மெஷின், வரிசையாக மரமேசைகள். எல்லாவற்றையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் ஓய்வு பெற்றுவிட்டாராம், வேறு ஆள் கிடைக்கவில்லையாம். கிரேஸ் ஒரு துணியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சும்மா கெடக்குதுமா," என்றாள் என்னிடம்.

அன்றைக்கே எனக்குத் தெரியும்.

3

இங்கே காலேஜ் படிப்பு நம் ஊர் மாதிரி இல்லை. நம் ஊரில் சேர்ந்தால் போதும், எந்த நாள் எந்தப் பாடம் என்று அவர்களே தாள் ஒட்டிவிடுவார்கள். இங்கே எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று படிக்கிறவர்களே திட்டம் போட வேண்டும். மரவேலை, இரும்புப் பட்டறை, வரைபடம், மின்சாரம், வண்டி இஞ்சின், அதோடு இங்கிலீஷில் கட்டுரை எழுதுகிற வகுப்பு, பிள்ளைகளின் மனசைப் பற்றி ஒரு வகுப்பு. எல்லாம் முடித்து, கடைசியில் ஒரு பள்ளியில் போய் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

கிரேஸ் வண்ண வண்ணமாய்ச் சின்னத் தாள்களை வாங்கிவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். மேலே முதல் வருடம், கீழே இரண்டாம் வருடம். பச்சை மரவேலை. மஞ்சள் வரைபடம். நீலம் இரும்புப் பட்டறை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும் அந்தக் கதவைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

"நீலத்தை ஏன் முதல்லயே வச்ச?" என்று கேட்டேன்.

"அது முடிச்சாத்தாம்மா வெல்டிங். வெல்டிங் முடிச்சாத்தான் பெரிய மெஷின். அது முடிச்சாத்தான் ஸ்கூலுக்குப் பாடம் நடத்த அனுப்புவாங்க."

"பருப்பு வேகறதுக்கு முன்னாடி புளி ஊத்தக் கூடாது. அப்புறம் பருப்பு வேகவே வேகாது."

"உனக்கு எல்லாமே சாம்பார்தாம்மா," என்றாள் கிரேஸ்.

ஜாய் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தாள் விழும். எடுத்து ஒட்டிவிட்டுப் போகும். ஒரு நாள் கிரேஸ் வரைபடத் தாளைக் காணோம் என்று வீட்டையே புரட்டினாள். அது ஸ்டீபனுடைய காலுறையில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தது. அவர் லாரி ஓட்டுகிறார். பக்கத்து மாகாணம் வரை போய்த் திரும்பி வந்தது மஞ்சள் தாள்.

4

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

எங்களுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. அம்மா திருமுக்கூடல் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போவாள். நிலத்துக்காரர் வீட்டில் விசேஷம் நடந்து முடிந்தால் பின்வாசலில் கூப்பிட்டு மீந்ததைக் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் முந்தானையை விரிக்க வேண்டும், கொடுக்கிறவர்கள் மேலேயிருந்து போடுவார்கள். அம்மா போகமாட்டாள். எங்களையும் விடமாட்டாள். பசியோடு வீட்டுக்கு நடந்து வந்து கஞ்சி காய்ச்சுவாள்.

அவள் எங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். யார் எதைக் கொடுத்தாலும் உடனே கை நீட்டக் கூடாது. "ஒரு தடவ கேட்டா அது வாய்ப்பேச்சு. ரெண்டாந்தடவ கேட்டா அது ஊருக்காக. மூணாந்தடவ கேட்டாத்தான் மனசு. அப்போ வாங்கிக்க," என்பாள். எங்களுக்குப் பந்தியில் இலை போடாத காலத்தில் அந்தச் சட்டம்தான் எங்கள் சொத்து. நான் அதை அப்படியே கிரேஸுக்குக் கொடுத்தேன். அவள் அதை ஒரகடத்துக்கும் கொண்டுபோனாள், கனடாவுக்கும் கொண்டுவந்தாள்.

காஞ்சிபுரத்தில் அது செல்லும். நம் ஊரில் விருந்தாளி "வேணாம்" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். காப்பி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல டம்ளர் முன்னால் வந்துவிடும். இந்த ஊரில் அப்படி இல்லை என்பதை நான் வந்த புதிதிலேயே பஸ்ஸில் தெரிந்துகொண்டேன். ஒரு வாலிபர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "நோ, நோ, தேங்க் யூ," என்றேன். இன்னொரு தடவை சொல்லுவார், அதற்குள் பையைச் சரிசெய்துகொள்ளலாம் என்று குனிந்தேன். நிமிர்ந்தால் அவர் மறுபடி உட்கார்ந்திருந்தார். சிரித்தார். நானும் சிரித்தேன். பாலம் தாண்டி, மார்க்கெட் தாண்டி, வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஆயா, நீதானே நோ சொன்ன? அவர் கரெக்டாத்தான் பண்ணியிருக்கார்," என்றது. இந்தப் பிள்ளைக்கு நான் இரண்டாவது தோசை போட்டால் தட்டிலிருந்து எடுத்துத் திருப்பி வைக்கும். "வேணாம்னா வேணாம் ஆயா," என்னும். கோபத்தோடு இல்லை. உண்மையாகவே அதற்கு வேண்டாம். வேண்டாம் என்ற சொல்லுக்குள் வேறு எதுவும் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. நல்லதுதான். ஆனாலும் அந்தத் தோசையைத் திருப்பி எடுக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கும்.

5

வகுப்புகள் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது காலேஜில் கிரேஸைக் கூப்பிட்டிருந்தார்கள். பாடத்திட்டம் போட உதவுவதற்கென்றே ஒரு அம்மா இருக்கிறார். பெயர் லிண்டா. கிரேஸ் போய்விட்டு வந்து, "எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா," என்று சொல்லி முகம் கழுவப் போனாள். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் தயிர் எடுக்கப் போனபோது குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தேன். மேலே இருந்த நீலம் கீழே போயிருந்தது. அதன் பின்னாலேயே வெல்டிங்கும் பெரிய மெஷினும் இறங்கியிருந்தன. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் சிவப்புத் தாளுக்குக் கதவில் இடமே இல்லை. பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

"நீலம் ஏன் கீழ போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"செவப்பு செவுத்துல இருக்குது. ஒண்ணுமில்லன்றியே."

கிரேஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லிண்டா கேட்டாங்கம்மா. இரும்புப் பட்டறை வகுப்புல ஒரே ஒரு எடம் இருக்குது, உன் பேரப் போட்டுடட்டுமான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"பரவால்ல, வேற யாருக்காச்சும் அவசரமா வேணும்னா அவங்களுக்குக் குடுங்கன்னேன்."

"அப்புறம்?"

"உனக்கு ரொம்ப நல்ல மனசுன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க."

"மறுபடி கேக்கலியா?"

"கேக்கல. கேப்பாங்க, கேப்பாங்கன்னு நானும் பாத்துக்கினே உக்காந்திருந்தேன்."

இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த வகுப்பு இனி அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் எடுத்தால் பாடம் நடத்தும் பயிற்சி மூன்றாம் வருடத்துக்குப் போய்விடும். அரசாங்க உதவி இரண்டு வருடம்தான். ஸ்டீபன் ஒருவர் சம்பளத்தில் வீட்டு வாடகையும் படிப்பும் நடக்காது. நடுவில் நிறுத்தினால் டீச்சர் வேலை இல்லை. ஏதாவது கிடங்கில் பெட்டி அடுக்கப் போக வேண்டியதுதான்.

சாயங்காலம் ஸ்டீபன் வந்ததும், "போயி கேட்டுட்டா முடிஞ்சது, இதுல இன்னா கிரேஸு," என்றார். அவர் வேலூர்ப் பக்கம், மிலிட்டரிக்காரர் பிள்ளை. கேட்டு வாங்குவது அவருக்குச் சிரமமில்லை.

ஜாய் தலையை நிமிர்த்தாமல் சொன்னது: "வேணும்னா யெஸ் சொல்லணும். வேணாம்னா நோ சொல்லணும். வேணும்னு வச்சிக்கினு யார்மா நோ சொல்வாங்க?"

"உனக்குப் புரியாது," என்றாள் கிரேஸ்.

"புரியலைன்னுதானே கேக்கறேன்."

கிரேஸ் என் பக்கம் திரும்பினாள். "நான் போமாட்டேம்மா. குடுத்தப்ப வேணான்னுட்டு, இப்போ போயி எனக்குக் குடுங்கன்னு நிக்கச் சொல்றியா? நீயா இருந்தா போவியா?"

நான் போகமாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

6

அடுத்த நாள் காலையில் எல்லோருக்கும் சோறு கட்டினேன். டப்பாவில் சோறு அள்ளிப் போடும்போது கை தானாக இன்னொரு கரண்டி எடுத்தது. அப்போதுதான் சத்துணவு வரிசை ஞாபகம் வந்தது.

கிரேஸ் படித்ததும் நான் வேலை செய்த அதே பள்ளிதான். மத்தியானம் மணி அடித்தால் தட்டோடு வரிசையில் வருவாள். பிள்ளைகளில் சிலர் தட்டை நீட்டி, "இன்னும் போடுங்க ஆயா, இன்னும்," என்று அதட்டுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பாதித் தட்டுக்கே "போதும்" என்று இழுத்துக்கொள்வார்கள். ஆனால் கண் கரண்டியிலேயே இருக்கும். அவர்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இழுக்கிற தட்டைப் பிடித்து இன்னொரு கரண்டி போடுவேன். என் மகளுக்கும் அப்படித்தான். பெற்ற தாயிடமே "போதும்" என்று சொல்லி நின்றவள் அவள்.

இந்த ஊரில் கரண்டி பிடித்திருப்பவர்கள் எங்கள் தெருக்காரர்கள் இல்லை. கண்ணைப் பார்த்துப் போட அவர்களுக்குத் தெரியாது. வாயைத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை.

கிரேஸ் சமையலறைக்கு வந்ததும் சொன்னேன். "பாப்பா, எச்சி சோறு குடுத்தா வேணாம்னு சொல்லு. ஆயிரம் தடவ கேட்டாலும் வேணாம்னு சொல்லு. இது எச்சி சோறா?"

"இல்லம்மா."

"நீ மார்க்கு எடுத்துச் சேர்ந்த எடம். பந்தியில உக்காந்தாச்சு. எலைக்கு வரலைன்னா கூப்புட்டுக் கேக்கலாம்."

"நாம எந்தப் பந்தியில கேட்டிருக்கோம்?"

"கேட்டதில்ல. நீ கேளு. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"சும்மா. நிக்கிறதுக்கு."

அவள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டினேன். அதன்மேல் கம்பளிச் சட்டை, காலில் ஜாயுடைய பழைய ஓட்டப்பந்தய ஷூ, தலைக்கு மேல் குடை. மழையில் யாராவது பட்டுக் கட்டுவார்களா என்று கிரேஸ் கேட்டாள். கேட்கப் போகிறோம், அழுது வடிந்துகொண்டு போகக் கூடாது என்றேன்.

7

லிண்டாவின் அறைக்குப் போகும் வழியில் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம்தான் இரும்புப் பட்டறை. கண்ணாடி போட்ட ஒரு பெண் அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தபோது எண்ணெய் வாசனை வந்தது. ஒரகடத்துச் சட்டையின் அதே வாசனை. கிரேஸ் நடையை நிறுத்தினாள். நான் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினேன்.

லிண்டா என் வயதுக்குச் சற்றுக் குறைந்தவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கிரேஸ் முதலில் வெயில் மழையைப் பற்றி ஏதோ பேசினாள். பிறகு என் சேலையைப் பற்றி. நான் அவளுடைய ஷூவை என் ஷூவால் தொட்டேன். அதற்கப்புறம்தான் விஷயம் வந்தது. அவள் பேசியது இங்கிலீஷ் என்றாலும், விரலை ஒன்று, இரண்டு, மூன்று என்று மடக்கியபோது என் அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. திருமுக்கூடல் என்ற பெயரை அந்த அறையில் கேட்டேன்.

லிண்டா கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்னதைக் கிரேஸ் பிறகு எனக்குச் சொன்னாள். "நீ அன்றைக்குச் சொன்னதற்கு வேண்டும் என்று அர்த்தமா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறாள். அதற்கு அவர், "இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் நான் ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டிருக்கிறேனோ," என்றாராம்.

ஆனால் இடம் போய்விட்டது. ஒரு வாலிபருக்குக் கொடுத்தாயிற்று. அவரிடமிருந்து பிடுங்க முடியாது. கிரேஸும் பிடுங்கச் சொல்லவில்லை. காத்திருப்பவர்கள் பட்டியலில் பெயர் எழுதினார்கள். வகுப்பு தொடங்கி முதல் வாரத்துக்குள் யாராவது விலகினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கிரேஸ் தலையை ஆட்டினாள். எங்கள் ஊர் ஆட்டம், ஆமாம் போலவும் இருக்கும் இல்லை போலவும் இருக்கும். பிறகு தானே உணர்ந்து வாயைத் திறந்து, "யெஸ்," என்றாள். "எனக்கு அது வேண்டும்," என்று இன்னொரு தடவையும் சொன்னாள். காது வரைக்கும் சிவந்துவிட்டாள்.

கிளம்ப எழுந்தபோது லிண்டா என்னைப் பார்த்து, காப்பி வேண்டுமா என்று கேட்டார். அந்தச் சொல் எனக்குப் புரியும். "நோ, தேங்க் யூ," என்றேன். வாய் பழகிவிட்டது. லிண்டா திரும்பி நாலு அடி நடந்தார், நின்றார், கிரேஸைப் பார்த்தார், மறுபடி என்னிடம் வந்தார்.

"காப்பி?"

"நோ, நோ."

"ப்ளீஸ், காப்பி?"

வாங்கிக்கொண்டேன். சர்க்கரை இல்லாத காப்பி, வேப்பிலைக் கஷாயம் தோற்றுவிடும். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

8

வகுப்பு தொடங்கிய வாரம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிரேஸ் மரவேலைக்கும் வரைபடத்துக்கும் போய்வந்தாள். தலைமுடியில் மரத்தூள் இருக்கும், நான் தட்டிவிடுவேன். நீலத் தாள் கீழேயே இருந்தது. ஜாய் மட்டும் பால் எடுக்கும்போது அதைக் கொஞ்சம் மேலே நகர்த்தி ஒட்டுவதை நான் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கிரேஸ் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. கை ஈரம் என்பதால் மேசைமேல் வைத்தே பேசினாள், லிண்டாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கும் இன்னொரு இரும்புப் பட்டறை வகுப்பில் இடம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கட்டிடம். காலையில் போனால் இருட்டித்தான் வர முடியும். உனக்கு வேண்டுமா என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் கிரேஸ், "யெஸ்," என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "இன்னும் இரண்டு தடவை கேட்கத் தயாராக இருந்தேன்," என்றாராம் லிண்டா.

ஸ்டீபன் எழுந்துபோய் நீலத் தாளை மேலே ஒட்டினார். ஜாய் சுவரிலிருந்த சிவப்பை எடுத்துக் கதவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தியது. இனி சனிக்கிழமை பாடல் பயிற்சிக்குக் கிரேஸ் கோயிலுக்கு வரமுடியாது, சந்தைக்கு என்னோடு வரமுடியாது. அது பரவாயில்லை.

என் அம்மா சொன்னது தப்பு என்று நான் எழுதவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நாங்கள் முந்தானை விரித்தே பழகியிருப்போம். பாலிடெக்னிக் ஏது, ஒரகடம் ஏது. ஆனாலும் கிரேஸின் வாயிலிருந்து அந்த "யெஸ்" முதல் கேள்விக்கே வந்தபோது, சந்தோஷத்துக்கு நடுவில் எனக்கு ஒரு நொடி எப்படியோ இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவதுபோல. இவள் இனி இந்த ஊர்க்காரிதான் என்று நினைத்தேன்.

கல்லில் தோசை சிவந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னொண்ணு வைக்கட்டா பாப்பா?"

"போதும்மா," என்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

கண் தோசையில் இருந்தது. நான் மறுபடி கேட்கவில்லை. தட்டைப் பிடித்துப் போட்டேன். சாப்பிட்டாள்.